மாத்திரையும் மடியும்

நண்பர் ஒருவர் தத்தெடுத்த பையன் எல்லோரையும் அடிக்கிறான், அணைத்தால் உதறுகிறான். "மருந்து கொடுக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். பழைய சரித்திரத்தைப் புரட்டினேன்.

1937-ல் அமெரிக்காவின் ரோட் தீவில், டாக்டர் சார்லஸ் பிராட்லி நடத்தைக் கோளாறுள்ள 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் கொடுத்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் படிப்பில் அதிசயமாய் முன்னேறினார்கள்.

1944-ல் லண்டனில் டாக்டர் ஜான் பௌல்பி, திருடிய 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பாசமே அறியாதவர்கள் 14 பேர். அந்தப் பதினால்வரில் 12 பேர் சின்ன வயதிலேயே தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள்.

துறுதுறுப்பை அடக்க இன்றும் மருந்துண்டு. அறுந்த பாசத்தை ஒட்டவைக்க மாத்திரை கிடையாது.

நண்பரிடம் சொன்னேன்: "மருந்தை டாக்டர் தீர்மானிக்கட்டும். ஆனால், அதைக் கொடுக்கும் கை தினமும் உங்களுடையதாகவே இருக்கட்டும்."