வளி நோயும் தைலச் செய்யுளும்

தோற்றுவாய்

எண்ணெய் என்னும் சொல் எள்ளின் நெய் என விரியும். தைலம் என்னும் வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்பதன் அடியாகப் பிறந்ததே. நாளடைவில் இரு சொற்களும் தம் பிறப்பை மறந்தன. வேப்பங்கொட்டையில் எடுத்ததும் எண்ணெயாயிற்று. ஆமணக்கில் காய்ச்சியதும் தைலமாயிற்று. ஆயினும் தமிழர் மருத்துவத்தில் மூட்டு நோய்க்கு முதலில் நாடப்பெற்ற பொருள் எது என்பதை இச்சொற்கள் இன்றளவும் காட்டி நிற்கின்றன.

மூட்டு நோயைச் சித்த மருத்துவம் வளியின்பாற்படுத்திற்று. திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் முதற்குறள், நோய்க்கு மூலமாகிய மூன்றனுள் வளியையே முதற்கண் நிறுத்துகிறது. வளியால் வரும் நோய்கள் 80 என வகுப்பது யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி. உடம்பின் பொருத்துகளுக்குக் கீல், சந்து, மூட்டு எனப் பல பெயர்கள் உண்மையின், அவற்றில் தோன்றும் நோயும் கீல்வாயு, சந்துவாதம், முடக்குவாதம் எனப் பலவாறு பெயர் பெற்றது. மூலிகைகளோ தம் தொழிலையே பெயராகத் தாங்கி நிற்கின்றன. முடக்கை அறுப்பது முடக்கறுத்தான். வாதத்தை அடக்குவது வாதமடக்கி. ஏட்டுக் கல்வி இல்லாதவரும் மருந்தறிய மக்கள் மொழி கண்ட வழி இது.

கல்லில் எழுந்த சான்று

இம்மருத்துவம் அடுக்களைக் கைவைத்தியமாக மட்டும் இருந்ததன்று என்பதற்குத் திருமுக்கூடல் கல்வெட்டு சான்று பகரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த திருமால் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068ஆம் ஆண்டில் இது பொறிக்கப்பெற்றது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் இயங்கின. சாலையில் 15 நோயாளர் கிடந்து மருத்துவம் பெற வழி செய்யப்பட்டிருந்தது. மருத்துவர், அறுவை செய்வோர், பச்சிலையும் விறகும் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் எனப் பணியாளர் பலருக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது.

ஓராண்டுத் தேவைக்கெனச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ 20 அக்கல்வெட்டில் பெயர் சுட்டப்பெறுகின்றன. அவற்றுள் தைலங்களும் உள. இலசுநாத்யேரண்ட தைலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இலசுனம் வெள்ளுள்ளி, ஏரண்டம் ஆமணக்கு. இவ்விரண்டும் வளியைத் தணிப்பன என்று தமிழ் மருத்துவமும் வடமொழி மருத்துவமும் ஒருங்கே உரைக்கும். தமிழகத்து வீடுகளில் முழங்கால் வலிக்கு வெள்ளுள்ளியை எண்ணெயில் இட்டுக் காய்ச்சித் தேய்க்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு, ஏறத்தாழ 950 ஆண்டுகட்கு முற்பட்ட அக்கற்பொறிப்பு அயலாகத் தோன்றாது.

தைலம் ஆகும் முறை

மூலிகையை எண்ணெயில் இட்டுக் கொதிக்க வைப்பதெல்லாம் தைலம் ஆகிவிடாது. சாறு பிழிதல், சரக்கை அரைத்துக் கற்கமாக்கல், எண்ணெயுடன் கூட்டிச் சிறுதீயில் எரித்தல், பதம் அறிந்து இறக்கல் என்பன அதன் படிகள். இவற்றுள் பதம் அறிதலே மருத்துவன் தேர்ச்சிக்கு உரைகல். அடியில் தங்கும் கற்கத்தை விரலால் எடுத்து உருட்ட, மெழுகு போல் திரண்டால் மெழுகுபதம். மணல் போல் உதிர்ந்தால் மணற்பதம். எண்ணெயில் தோய்த்த திரி வெடிக்காமல் எரிந்தால் நீர் முற்றும் வற்றியது என்பது பொருள். பச்சைக் கற்பூரம் போன்றவை சூட்டில் ஆவியாகிவிடும். ஆதலால் அவற்றை இறக்கிய பின்னரே சேர்ப்பர்.

புறமருந்துகளைச் சித்தர்கள் 32 வகையாகப் பகுத்தனர். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, தொக்கணம், களிம்பு முதலியன அவற்றுள் அடங்கும். பழைய களிம்பு பெரும்பாலும் புண்ணுக்கு உரியது. மூட்டு நோய்க்குத் தைலமும் பற்றும் நொச்சியிலை ஒற்றடமுமே முன்னின்றன. தைலத்தைத் தேய்க்கும் தொக்கணமும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என 9 வகைப்பட்டது. புறப்பூச்சு ஒன்றே நோயை நீக்கும் என அவர்கள் கருதவில்லை. பேதி கொடுத்து வளியைத் தணித்து, உள்மருந்தும் உணவு நெறியும் வகுத்து, அவற்றோடு தைலத்தையும் அமைத்தனர். தைலம் வலியைத் தணிக்கும் துணை. மூட்டை அரிக்கும் நோய்க்கு மருத்துவரை நாடியே ஆகவேண்டும் என இன்றைய மருத்துவம் கூறும் வரம்பும் இதற்கு முரணானதன்று.

பாட்டில் அடைத்த மருந்து

இத்துணை நுட்பமான செய்முறைகள் பெரும்பாலும் உரைநடையில் எழுதப்பெறவில்லை, செய்யுளில் யாக்கப்பெற்றன. தேரையர் பெயரால் வழங்கும் தைலவருக்கச் சுருக்கம் தைலங்களுக்கென்றே அமைந்த நூல். யாழ்ப்பாணத்தில் செகராசசேகரமும் பரராசசேகரமும் செய்யுள் வடிவில் மருத்துவம் உரைத்தன. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசிருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகாலில் தொகுப்பித்த மருந்து முறைகளும் தமிழ்ச் செய்யுளாக்கப்பெற்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் அவற்றைச் சரசுவதி மகால் நூலகம் நோய்வாரியாக அச்சிட்டது.

செய்யுள் மனத்தில் தங்கும்; ஓலையிலும் சிறிது இடமே கொள்ளும். சொல் ஒன்று பிறழ்ந்தால் எதுகையும் தளையும் பிறழ்ந்து காட்டிக் கொடுக்கும். எனவே யாப்பு, ஏடெழுதுவோர் பிழையினின்று மருந்தைக் காத்த வேலி எனலாம்.

அவ்வேலியே சில இடங்களில் திரையும் ஆயிற்று. ஆமணக்கு என்னும் சொல் அடிக்குப் பொருந்தாதபோது ஏரண்டம் வந்து அமர்ந்தது. ஒரு பூண்டுக்குப் பல பெயர்கள் வழங்கியதோடு ஒரு பெயரைப் பல பூண்டுகள் பகிர்ந்துகொண்டன. வாதமடக்கி என்னும் பெயர் ஓரிடத்தில் வாதநாராயணன் என்னும் மரத்தையும், பிறிதோரிடத்தில் தழுதாழையையும் குறிக்கும். வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் ‘பலா’ சிற்றாமுட்டி இனத்துச் செடியாகும். கனி தரும் பலா மரமன்று. மறைபொருட் சொற்களான பரிபாடையும் இவற்றோடு கூடிக்கொண்டது. ஆசான் அருகிருந்து விளக்கிய காலத்தில் இம்மயக்கம் பெரிதாகவில்லை. ஆசான் மறைந்து ஏடு மட்டும் எஞ்சிய காலத்திலோ அது உயிரைத் தொடும் மயக்கமாயிற்று. மூட்டு வலித் தைலங்கள் சிலவற்றில் எட்டிக்கொட்டை சேரும். அது கொடிய நஞ்சு. அத்தகைய செய்யுளில் சரக்கின் பெயரையோ எடையையோ பிறழ உணர்வது இலக்கியப் பிழையோடு முடியும் ஒன்றன்று.

அச்சும் அகராதியும்

இந்த இடரை உணர்ந்து உழைத்தவருள் தலையாயவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல் துறையில் பணியாற்றிய அவர் மருத்துவ ஏடுகளில் சிதறிக் கிடந்த சொற்களைத் திரட்டி அகராதி ஆக்கினார்; அதன் முதற்பகுதி 1931இல் வெளிவந்தது. 1953இல் அவர் மறையும்வரை நூல் முழுமையும் அச்சேறவில்லை. எஞ்சிய பகுதிகள் பின்னரே வெளிவந்தன. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்தது.

மறுபுறம், வலி தீர்க்கும் பூச்சு புட்டியிலும் தகரச் சிமிழிலும் அடைபட்டுக் கடைக்கு வந்தது. காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் பின்னர்ச் சென்னைக்கு வந்து தமிழர் இல்லந்தோறும் புகுந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த கோடாலித் தைலமும் ஊர் திரும்புவோர் பெட்டிகளில் இடம்பெற்றது. விரணத்திற்குரிய களிம்பு என்னும் பழஞ்சொல் வலிநீக்கும் பூச்சுகளுக்கும் பெயராயிற்று. பொருள் எளிதில் கிடைத்தது. பதம் பார்க்கும் விரல்களோ அருகின.

நிறைவுரை

மருத்துவச் செய்யுட்களைக் கவிதையென மதிக்கத் தமிழ்ப் புலமையுலகம் நெடுங்காலம் தயங்கிற்று. அணி நயமும் கற்பனையும் தேடுவோர்க்கு அவை வறண்ட பாடல்களே. ஆனால் பாட்டு தன் பொருளைப் பிழையின்றிக் கைமாற்றித் தரவேண்டும் என்னும் கடமையை அவற்றைப்போல் கடுமையாக ஏற்ற செய்யுட்கள் சிலவே. தாவரவியலார் செடியைக் காட்டலாம். மருத்துவர் அளவைச் சொல்லலாம். ஆயின் பாடவேறுபாட்டை ஒப்பிடவும், எதுகைக்காக வந்த சொல்லையும் பொருளுக்காக நின்ற சொல்லையும் பிரித்தறியவும் யாப்பறிந்தவர் வேண்டும். அச்சேறாத ஏடுகள் நூலகங்களில் இன்னும் உள. ஓர் எடையை, ஒரு பச்சிலையின் பெயரைத் தெளிவுபடுத்தும் பதிப்பு, முழங்கால் மடக்க இயலாத ஒருவரின் துயர் தணிக்கக்கூடும். மற்றொருவரை நஞ்சினின்றும் காக்கக்கூடும். புலமைக்கு இதனினும் உயர்ந்த பயன் வேறு வேண்டுவதில்லை.