ஷெஃபீல்டா, சோலிங்கனா? ஒரு சவரக்கத்திப் பஞ்சாயத்து

ஸ்ட்ரெயிட் ரேசர் என்கிற மடக்கு சவரக்கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு ஊர்ப் பெயர்கள் வந்தே தீரும். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, இன்னொன்று ஜெர்மனியின் சோலிங்கன். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவுக்கும் பிரான்சின் தியேருக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் சண்டை என்னவோ முதல் இரண்டுக்கும்தான். என் ஓட்டைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

ஷெஃபீல்டின் மவுசுக்குக் காரணம் எஃகு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், வில் செய்ய நல்ல எஃகு கிடைக்காமல், எஃகை மூசையில் போட்டு முழுசாக உருக்கிப் பார்த்தார். கசடு பிரிந்து, சீரான எஃகு கிடைத்தது. சீரான எஃகில்தான் மெல்லிய கூர் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அதற்கான நல்ல இரும்பு ஷெஃபீல்டில் கிடையாது. ஸ்வீடனிலிருந்து கப்பலில் வந்தது.

மூசையில் எஃகு செய்வது நம்ம பக்கத்துக்குப் புதிதல்ல. சேலம் வட்டாரம் உட்படத் தென்னிந்தியாவில் அது பழைய தொழில். ‘ஊட்ஸ்’ என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன அந்த எஃகை 1790-களில் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே சவரக்கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுதான் மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார். பிற்பாடு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகில் 500-ல் ஒரு பங்கு வெள்ளி கலந்து சோதித்தார்கள். ‘வெள்ளி எஃகு’ என்று முத்திரை குத்திய கத்திகள் சந்தைக்கு வந்தது அதன் பிறகுதான்.

ஆனால் எஃகு மட்டும் சவரம் செய்யாது. சாணை பிடிப்பதில்தான் மீதி இருக்கிறது. வேட் அண்ட் புட்சர் போன்ற பழைய ஷெஃபீல்டு கத்திகள் பல, ஆப்பு மாதிரி கனமானவை. முரட்டுத் தாடியை அதன் எடையே சமாளித்துவிடும். கஷ்டம் தீட்டும்போதுதான். ஆப்பு வடிவக் கத்தியைத் தீட்டுக்கல்லில் வைத்தால் பக்கம் முழுக்கக் கல்லில் உரசும். கூர் வருவதற்குள் கை வலித்துவிடும்.

சோலிங்கன்காரர்கள் பெயர் வாங்கியது இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்த கத்தியில். இதில் முதுகும் விளிம்பும் மட்டுமே கல்லைத் தொடும். முதுகே கோணத்தைக் கணக்காக வைத்துக்கொள்ளும். தகடு மெல்லிசு என்பதால் முகத்தில் ஓடும்போது ஒரு ரீங்காரம் கேட்கும்.

இந்தப் போட்டியில் தில்லுமுல்லும் நடந்தது. சோலிங்கன் சரக்கில் சிலர் ‘ஷெஃபீல்டு’ என்று முத்திரை குத்தி விற்றார்கள். ஷெஃபீல்டு கொதித்தது. 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட சரக்கில் ‘ஜெர்மனியில் செய்தது’ என்று எழுத வைத்தது. அவமானமாக இருக்கட்டும் என்று போட்ட முத்திரை, போகப்போகத் தரத்தின் அடையாளமாகிவிட்டது! 1938-ல் சோலிங்கன் என்ற பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு வந்தது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் சாணைக்காரர்கள். கல் தூசியும் இரும்புத் தூசியும் நுரையீரலில் படிந்து, இரண்டு ஊரிலும் அவர்கள் சின்ன வயசிலேயே செத்தார்கள். ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்ட் 1843-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். கத்தியில் முதலாளி பெயர் இருக்கும். குழிவைச் சாணை பிடித்தவன் பெயரைப் பெரும்பாலும் எங்கேயும் பார்க்க முடியாது.

சரி, என் ஓட்டு? சோலிங்கனுக்குத்தான். வீட்டில் தானே தீட்டி, தானே சவரம் செய்கிறவருக்குக் குழிவுக் கத்திதான் தோது. கம்பி மாதிரி தாடி என்றால் ஷெஃபீல்டு பக்கம் போங்கள், தப்பில்லை. எதுவானாலும், பழைய கத்தி கைக்கு வந்தால் பெயரைக் கடைசியில் படியுங்கள். முதுகு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, விளிம்பில் பொக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.