திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளில் பிளாஸ்மாவும் எல்.சி.டி.யும்

ஏறத்தாழ 2005 முதல் 2014 வரை, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியை மாற்ற எண்ணிய நடுத்தரக் குடும்பங்களின் முன் இரண்டு வகைத் தட்டைத்திரைகள் இருந்தன. ஒன்று பிளாஸ்மா, மற்றொன்று எல்.சி.டி. உலகச் சந்தையில் இந்தப் போட்டி எல்.சி.டி.க்குச் சாதகமாக முடிந்தது. திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் அதே முடிவுதான், ஆனால் அதற்கான காரணங்களில் பல இந்த ஊருக்கே உரியவை. மின்வெட்டு, வீட்டின் அமைப்பு, விமான நிலையம் ஆகிய மூன்றும் படத்தின் தரத்தைவிட அதிகமாகத் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

முன்வரலாறு

திருச்சிக்கு வானொலி மிக முன்னரே வந்துவிட்டது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. தொலைக்காட்சி அவ்வளவு விரைவாக வரவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் அலைகள் திருச்சியை எட்டவில்லை. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதன்பின் ஆங்காங்கே நிறுவப்பட்ட ஒளிபரப்புக் கோபுரங்கள் வழியாகத்தான் உள்மாவட்டங்களில் தொலைக்காட்சி பரவியது. கோடைக்கானல் கோபுரத்தை நோக்கித் திருப்பிக் கட்டிய உயரமான ஆண்டெனாக்களை உறையூர், தில்லைநகர் மொட்டை மாடிகளில் கண்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். சாலிடேர், டயனோரா ஆகிய சென்னைப் பெட்டிகளும், பின்னர் ஒனிடா, பி.பி.எல்., வீடியோகான் பெட்டிகளும் கூடத்தில் இடம் பிடித்தன. 1987 ஜனவரியில் தொடங்கிய இராமாயணத் தொடரை மொழி புரியாமலே பார்த்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் ஏராளம்.

இவை எல்லாம் படக்குழாய்ப் பெட்டிகள். 29 அங்குலப் பெட்டி ஒன்றை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அந்தப் பெட்டியின் அளவுக்கென்றே கொத்தனாரும் தச்சரும் சுவரில் ‘ஷோகேஸ்’ அமைத்துத் தந்தார்கள். இந்த ஷோகேஸ் பின்னால் ஒரு தலைவலியாக மாறியது. 29 அங்குலப் பெட்டிக்கான மாடத்தில் 32 அங்குல அகலத்திரையைத் திணிப்பதே கடினம். 42 அங்குலம் நுழையவே நுழையாது. பல வீடுகளில் திரையின் அளவை முடிவு செய்தது கண்ணும் இல்லை, பணமும் இல்லை, பழைய மாடத்தின் அகலம்தான்.

இரண்டு திரைகளும் வேலை செய்யும் விதம்

பிளாஸ்மாத் திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே இலட்சக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயுக்கள் அடைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் தரும்போது வாயு புறஊதாக் கதிரை வெளியிடும். அது அறைச் சுவரில் பூசிய பாஸ்பரில் பட்டுச் சிவப்பு, பச்சை, நீலம் ஒளிரும். சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி டியூப்லைட். இதை 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவர் ராபர்ட் வில்சன் ஆகியோர் உருவாக்கினர். அவர்களுக்குத் தொலைக்காட்சி நோக்கமே இல்லை. கணினி வழியே பாடம் நடத்தும் ‘பிளேட்டோ’ என்ற திட்டத்துக்கு ஒரு திரை தேவைப்பட்டது. வகுப்பறைக்காகப் பிறந்த பொருள் என்பதில் ஆசிரியர்களுக்குச் சற்று மகிழ்ச்சி இருக்கலாம்.

எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு சன்னல் கதவு போலத் திறந்தும் மூடியும் அந்த ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது. தொடக்ககால எல்.சி.டி.களில் பின்விளக்கு மெல்லிய டியூப்லைட், பிறகு எல்.இ.டி. விளக்குகள் வந்தன. கடைக்காரர்கள் ‘எல்.இ.டி. டிவி’ என்று விற்றதும் விளக்கு மாற்றிய எல்.சி.டி.யே அன்றி வேறு வகைத் திரை அன்று.

திருவானைக்காவலும் திரவப் படிகமும்

திரவப் படிகத்தின் கதையில் திருச்சிக்கு ஒரு தொடர்பு உண்டு. 1888-இல் பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரெடரிக் ரைனிட்சர், கொலஸ்டிரால் பென்சோயேட் என்ற பொருள் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 டிகிரி செல்சியசில் கலங்கலான நீர்மமாகவும், 178.5 டிகிரியில் தெளிந்த நீர்மமாகவும் அது மாறியது. நீர்மம் போல ஓடினாலும் படிகம் போல ஒளியைக் கையாளும் அந்த இடைநிலையே திரவப் படிகம். அதே 1888-இல் நவம்பர் 7 அன்று, ஸ்ரீரங்கத்திற்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் சி.வி. இராமன் பிறந்தார்.

ஆண்டு பொருந்தியது தற்செயல். அடுத்த தொடர்பு அப்படியில்லை. இராமனின் சகோதரி மகன் சி. சந்திரசேகர் என்று பலர் பெயரைக் குழப்பிக்கொள்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இராமனின் அண்ணன் மகன். இங்கே குறிப்பிடப்படுபவர் எஸ். சந்திரசேகர் (1930–2004), சகோதரியின் மகன். பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர். அதுவரை திரவப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறுகள் என்றே அறிவுலகம் கருதியது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977-இல் அவரும் பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோரும் வெளியிட்டனர்.

இதற்கும் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கும் என்ன உறவு? எல்.சி.டி.யின் பெரிய குறை, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறுவது. ஜப்பானின் பியூஜி நிறுவனம் தட்டு வடிவத் திரவப் படிகங்களைக் கொண்டு ஒரு மெல்லிய படலம் செய்து, அதை எல்.சி.டி. திரைகளில் ஒட்டிப் பார்வைக் கோணத்தை விரிவாக்கியது. 1990-களின் நடுவில் வந்த இந்தப் படலம் முதலில் கணினித் திரைகளுக்குத்தான் பெரிதும் பயன்பட்டது. எல்.சி.டி. பிளாஸ்மாவோடு மோதும் நிலைக்கு வந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிப் புத்தகங்களில் இராமன் விளைவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது; இந்த மருமகனுக்கு ஒரு வரியாவது இருக்கலாம்.

கடையில் கண்டதும் வீட்டில் கண்டதும்

சிங்காரத்தோப்பிலும் என்.எஸ்.பி. சாலையிலும் உள்ள கடைகளில் இரண்டு வகைத் திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தன. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம் பகலைத் தோற்கடிக்கும். அந்த வெளிச்சத்தில் எல்.சி.டி. பளீரென்று தெரியும், பிளாஸ்மா மங்கலாகத் தெரியும். வாங்குபவர் பளபளப்பைத்தான் தேர்ந்தெடுப்பார். விளக்கை அணைத்துப் பார்த்திருந்தால் பலர் முடிவை மாற்றியிருப்பார்கள்.

படத்தின் தரத்தில் அன்றைய பிளாஸ்மாவே மேல் என்பதில் ஐயமில்லை. சிறந்த எடுத்துக்காட்டு வைகுண்ட ஏகாதசி. விடிவதற்கு முன் இருட்டில் ரத்னாங்கி அணிந்து நம்பெருமாள் புறப்பட்டுப் பரமபத வாசலைக் கடக்கும் காட்சியைத் தொலைக்காட்சிகள் நேரடியாக ஒளிபரப்புகின்றன. கருத்த பின்னணி, தீவட்டி ஒளி, கற்களின் மின்னல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு திரையைச் சோதிக்க இதைவிட நல்ல காட்சி கிடையாது. பிளாஸ்மாவில் இருட்டு இருட்டாகவே இருக்கும். அணைந்த புள்ளி மிகக் குறைந்த ஒளியையே தரும். எல்.சி.டி.யில் பின்விளக்கின் ஒளி கசிந்து இருட்டு சாம்பல் நிறமாகும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான். வேகமாக ஓடும் பந்து அக்கால எல்.சி.டி.யில் வால் முளைத்தது போல இழுபடும்.

ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமானவை. திண்ணை, ரேழி தாண்டினால் கூடம். கூடத்தை ஒட்டி முற்றம். வானம் திறந்த முற்றத்தில் இருந்து பகல் முழுவதும் வெளிச்சம் கூடத்தில் விழும். பிளாஸ்மாவின் முகப்பு பளபளக்கும் கண்ணாடி. பகல் தொடரைப் போட்டால் கதாநாயகிக்குப் பின்னால் முற்றத்துக் கொடியில் காயும் வேட்டியும் தெரியும். அக்கால எல்.சி.டி.களில் பெரும்பாலானவை மங்கல் முகப்பு கொண்டவை என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஒளிபரப்பும் பிளாஸ்மாவுக்கு உதவவில்லை. கேபிளில் வந்தது 576 வரி கொண்ட பழைய படம்தான். இந்தியாவில் உயர்தெளிவு ஒளிபரப்பு பரவலாகப் பேசப்பட்டது 2010-இல், தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின்போது. அதற்கு முன் 42 அங்குலத் திரை வாங்கியவர்கள் பெரிதாக்கப்பட்ட மங்கல் படத்தையே பார்த்தார்கள். படமோ 4:3 விகிதம், திரையோ 16:9. ஓரங்களில் கறுப்புப் பட்டை விட்டால் பிளாஸ்மாவில் நாளடைவில் அதன் தடம் பதியும். சேனல் சின்னமும், செய்தியின் அடியில் ஓடும் வரியின் பட்டையும் அதே போலப் பதியும். எனவே படத்தை இழுத்துத் திரையை நிரப்பினார்கள். நடிகர்கள் எல்லாரும் ஒரே நாளில் பருத்துப் போனார்கள்.

இதே ஆண்டுகளில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பிளாஸ்மாவா எல்.சி.டி.யா என்ற கேள்வி ஒரு தெருவில் எழுந்தபோது, அடுத்த தெருவில் முதல் தொலைக்காட்சியே அப்போதுதான் வந்தது.

மின்வெட்டின் தீர்ப்பு

2008-க்குப் பின் தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை கடுமையானது. 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. திருச்சி உள்ளிட்ட பிற மாவட்டங்களில் சில நாள்கள் 10 மணி நேரத்தையும் தாண்டியது. வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இங்கேதான் போட்டி உண்மையில் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி ஆற்றல் உண்டு. இழப்புகள் போகப் பயன்படக்கூடியது சுமார் 1200 என்று கொள்வோம். இரண்டு மின்விசிறிக்கு 150 வாட், இரண்டு டியூப்லைட்டுக்கு 80 வாட், ஆக 230 வாட். இதோடு 300 வாட் இழுக்கும் 42 அங்குல பிளாஸ்மாவைச் சேர்த்தால் 530 வாட். பேட்டரி இரண்டேகால் மணி நேரம் தாங்கும். அதற்குப் பதில் 110 வாட் இழுக்கும் 32 அங்குல எல்.சி.டி. என்றால் 340 வாட். மூன்றரை மணி நேரம் தாங்கும். பேட்டரி தீர்ந்தால் டிவி மட்டும் அணைவதில்லை, விசிறியும் நிற்கும். சித்திரை மாதத் திருச்சியில் கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் அந்த ஒன்றேகால் மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை. போதாக்குறைக்கு, 300 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே கூடத்தில் சேரும்.

மின்கட்டணமும் இதே பக்கம்தான் பேசியது. நாளுக்கு 5 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் பிளாஸ்மாவுக்கு 90 யூனிட், எல்.சி.டி.க்கு 33 யூனிட். 2012-இல் வந்த கட்டண முறையில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே விலை உயர்ந்தது. எல்லைக்கோட்டின் அருகே இருந்த குடும்பங்களுக்கு 57 யூனிட் வித்தியாசம் பெரிது. பிளாஸ்மா இருண்ட காட்சிகளில் குறைவாக இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் நம் தொடர்களில் இருண்ட காட்சி எங்கே இருக்கிறது?

விமான நிலையம் கொண்டுவந்த திரைகள்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் டெல்டா மாவட்டத்தினர் ஊர் திரும்பும் வாயில் திருச்சி விமான நிலையம். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்குச் சேவை தொடங்கியது. மலிவுக் கட்டண விமானங்கள் பெருகின. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் முஸ்தபா கடையில் வாங்கிய தட்டைத்திரைப் பெட்டிகள் பயணிகளின் உடைமையாக வந்து இறங்கின. அங்கும் 230 வோல்ட், பால் முறை ஒளிபரப்பு என்பதால் பெட்டி இங்கே அப்படியே வேலை செய்தது. உள்ளூர் உத்தரவாதம் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை.

அப்படி வந்தவற்றில் பிளாஸ்மா அரிது. 42 அங்குல பிளாஸ்மா 30 கிலோ அளவில் இருக்கும். பயணியின் மொத்த எடை வரம்பே அதில் போய்விடும். படுக்க வைத்தால் கண்ணாடி விரிசல் விடும் அபாயமும் உண்டு. 32 அங்குல எல்.இ.டி. பெட்டியை ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இந்த வரவு 2013 ஆகஸ்ட் 26 அன்று தடைப்பட்டது. ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த அந்நாளில், 35,000 ரூபாய் வரியில்லாச் சலுகையில் இருந்து தட்டைத்திரைத் தொலைக்காட்சிகளை மத்திய அரசு நீக்கி 36.05 சதவீதச் சுங்கம் விதித்தது.

முடிவு

கடைசி ஆண்டுகளில் 43 அங்குல பிளாஸ்மா, அதே அளவு எல்.இ.டி.யைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கிரிக்கெட் பிரியர்கள் சிலர் அப்போது அதைத் துணிந்து வாங்கினார்கள், பார்த்து மகிழ்ந்தார்கள். பானசோனிக் 2013 டிசம்பரில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங், எல்.ஜி. இரண்டும் 2014-இல் நிறுத்தின. அதன்பின் பழுதான பெட்டிகளில் மின்வழங்கிப் பலகையின் கெப்பாசிட்டரை உள்ளூர் மெக்கானிக்குகள் மாற்றித் தந்தார்கள். கண்ணாடிப் பலகை போனால் மாற்றுக்கு வேறு இல்லை. பெட்டி எடைக்குத்தான் போனது.