பேய் கிடையாது... ஆனா தூக்கம் போயிடும்! பெண் உடலைப் பேசும் சிறுகதைகள்

கள்ளக்குறிச்சி, வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயத்தைப் புதுசா சொல்லித் தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். துகிலுரிதல் ராத்திரியில் துச்சாதனன் வேஷம் கட்டினவர் பாஞ்சாலியின் சேலையைத் தொடுறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி அம்மனைக் கும்பிட்டுக்குற வழக்கம் பல ஊர்களில் உண்டு. வேஷம்தான், ஆனாலும் பயம். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செஞ்ச துரியோதனன் உருவத்தின் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தடவித்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சின்னப் பிள்ளைங்க அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்துட்டிருப்பாங்க.

அவிழ்ந்த முடி, உருவப்பட்ட சேலை, ரத்தம். பெண்ணுடலை மையமா வெச்ச, நிம்மதியைக் கெடுக்கிற கதை நம்ம ஊருக்கு இறக்குமதிச் சரக்கு கிடையாது. கூத்து மேடையிலேயே இருந்திருக்கு.

இப்போ இன்ஸ்டாகிராம் புத்தகப் பக்கங்களில் இந்த வகைக் கதைகளுக்குப் பெரிய மவுசு. தென்கொரியாவின் ஹான் காங் எழுதி 2007-ல் வந்த நூல், 'மரக்கறி' என்ற பெயரில் தமிழிலும் கிடைக்குது. ஒரு கெட்ட கனவுக்குப் பிறகு ஒரு பெண் கறி சாப்பிடுறதை நிறுத்துறா. அவ்வளவுதான் அவள் செஞ்சது. குடும்பமே கூடி உட்கார்ந்திருக்கும் விருந்தில், அவளைப் பெத்த அப்பாவே அறைஞ்சு வாயில் கறியைத் திணிக்கிறார். 'என் வாய்க்குள்ள எது போகணும்னு நான் முடிவு பண்றேன்' என்பதே ஒரு குடும்பத்தைக் கலைச்சுப் போடுது. 2016-ல் சர்வதேச புக்கர், 2024-ல் ஹான் காங்குக்கு நோபல்.

'ஓ, கொரியாவில் இப்படி எழுதுறாங்களா?'னு ஆச்சர்யப்படுறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தமிழில் இது 90 வருஷ சமாச்சாரம்!

முக்கால் ரூபாயும் கல்லான அகலிகையும்

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934-ல் 'மணிக்கொடி'யில் வந்தது. போனில் படிச்சா அஞ்சு நிமிஷம்தான் ஆகும். ஜட்கா ஓட்டும் புருஷன் அடிபட்டுப் படுத்துக்கிடக்கான். பால் கஞ்சி வேணும்ங்கிறான். கையில் காசில்லை. மில்லில் கூலி வேலை பார்க்கும் அம்மாளு ராத்திரி தண்ணி எடுக்கப் போறா. அவள்மேல ரொம்ப நாளா கண் வெச்சிருந்த ஒருத்தன் சந்தில் நிக்குறான். முக்கால் ரூபாயோடு திரும்பி வர்றா. கதை முழுக்க அவள் அழலை. எழுத்தாளரும் அவளுக்காக அழலை. கற்பைப் பத்திப் பேசிப் பெருமைப்பட்டுக்குற ஊரைப் பார்த்து ஒரு நக்கல் அடிச்சுட்டு முடிச்சுடுறார்.

அவரோட 'சாப விமோசனம்' (1943) இன்னும் ஆழம். ராமன் கால் பட்டு அகலிகைக்குச் சாபம் போனதோடு நமக்குத் தெரிஞ்ச கதை முடிஞ்சுடும். புதுமைப்பித்தன் அதைத் தாண்டியும் கதையைக் கொண்டுபோறார். மன்னிக்கப்பட்ட பெண் ஊருக்குள்ள எப்படி வாழ்வா? மத்த பெண்கள் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும்? கௌதமர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவளுக்குள்ள சந்தேகமும் நடுக்கமும் போகலை. அப்புறம் ஒருநாள் சீதை வந்து, ராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்றா. தன்னை மன்னிச்சவனே அதைக் கேட்டானா என்று அகலிகை உடைஞ்சுபோறா. புருஷன் ஆசையோடு பக்கத்தில் வரும்போது, வந்திருப்பது மறுபடியும் இந்திரனோ என்று மிரள்றா. உடம்பு இறுகி, திரும்பவும் கல்லாகிடுறா.

முதல் தடவை கல்லானது சாபம். ரெண்டாவது தடவை யாரும் சபிக்கலை. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருத்தரின் உடம்பு, அன்பான தொடுதலைக்கூட ஏத்துக்க முடியாம விறைச்சுப்போறதைப் பத்தி இன்னிக்கு மனநல ஆலோசகர்கள் பேசுறாங்க. 1943-ல் ஒரு புராணக் கதையை வெச்சு அதை எழுதிட்டார் இந்த மனுஷன். ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது பிடிக்காம போகலாம், அதைப் பத்திக் கவலையில்லைங்கிற மாதிரி முன்குறிப்பு வேற!

தலைக்குத் தண்ணி

1966-ல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தப்போ தமிழ்நாடே ரெண்டாகி நின்னு சண்டை போட்டுச்சு. மழையில் பஸ்ஸுக்கு நிக்கும் கல்லூரி மாணவியை ஒருத்தன் காரில் ஏத்திட்டுப் போறான். கலங்கிப்போய் வீடு வந்து அம்மாவிடம் சொல்லி அழறா. அம்மா முதலில் அலறுறா, அடிக்கிறா. அக்கம்பக்கத்தவங்க எட்டிப்பார்த்ததும் சட்டுனு சுதாரிச்சு, மழையில் நனைஞ்சு வந்ததுக்குத் திட்டுறேன்னு சமாளிச்சுடுறா. அப்புறம் பொண்ணை உட்காரவெச்சுக் குடம் குடமா தலையில் தண்ணி ஊத்தி, நீ சுத்தமாகிட்டேன்னு சொல்றா. அதுதான் தீக்குளிப்பு.

அந்த அம்மாவைக் கொண்டாடினவங்களும் உண்டு, கொதிச்சவங்களும் உண்டு. அதனாலேயே, அம்மா விஷயத்தை மறைக்காம ஊருக்கே தெரிஞ்சுபோயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு ஜெயகாந்தன் ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி விருது, 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படம், கங்காவா நடிச்ச லட்சுமிக்குத் தேசிய விருது.

சிறுகதையை இன்னிக்குப் படிச்சா ஒரு இடம் உறுத்தும். அந்தப் பொண்ணுக்கு என்ன தோணுச்சுன்னு யாரும் கேட்கலை. அவள் சுத்தமா இல்லையா என்பதை அவளுக்காக அம்மா முடிவு பண்றா. கருணையான தீர்ப்புதான், ஆனாலும் தீர்ப்புதானே!

ஃபிளெக்ஸில் சிரிக்காத பொண்ணு

கல்வராயன் மலைக்கு ஏறும் ரோடு வரைக்கும் நம்ம பக்கத்து ஊர்களில் மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் இல்லாத முச்சந்தி குறைவு. தாய்மாமன் படம், சித்தப்பா படம், கட்சிக்காரர் படம், நடுவில் பட்டுச்சேலையில் ஒரு சின்னப் பொண்ணு. உடம்புக்குள்ள நடந்த ஒரு விஷயத்தை ஊருக்கே அறிவிக்கிறோம். அது என்னன்னு அந்தப் பொண்ணுக்கு உட்கார்ந்து விளக்கினது யாரு?

அம்பை எழுதிய 'அம்மா ஒரு கொலை செய்தாள்' இதைத்தான் கேட்குது. 1976-ல் வந்த 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் இருக்கும் கதை. 13 வயசுப் பொண்ணு. நிறம் கறுப்பு. அவளுக்கு அம்மாதான் உலகம். எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டும் அம்மா, நீ எப்பவும் இப்படியே ஓடி ஆடிட்டு இருன்னு சொல்ற அம்மா. அந்த அம்மா, தங்கச்சி பொண்ணுக்கு வரன் பார்க்க ஊருக்குப் போயிருக்கும்போது இவள் வயசுக்கு வந்துடுறா. என்ன நடக்குதுன்னு புரியலை. சுத்தி இருக்கிறவங்க முகமே மாறிப்போகுது. அம்மா வந்தா எல்லாம் சரியாயிடும், அம்மா ஒரு வார்த்தை சொன்னா பயம் போயிடும்னு நாளை எண்ணிக் காத்திருக்கா.

அம்மா வர்றா. போன இடத்தில், பொண்ணு கறுப்புன்னு வரன் தட்டிப்போன எரிச்சலில் வர்றா. மகளைப் பார்த்து, இதுக்கு என்ன அவசரம், இது இன்னொரு பாரம்தானேங்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுறா. கொலை அவ்வளவுதான். கத்தியில்லை, ரத்தம் ஏற்கெனவே இருக்கு. அந்த அம்மா கெட்டவ இல்லைங்கிறதுதான் நம்மைத் தூங்கவிடாம செய்யுது.

அம்பையின் இன்னொரு கதை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. 1988-ல் இதே பெயரில் தொகுப்பும் வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு. கடைசி மூலையில் இருட்டா ஒரு சமையலறை. தண்ணி சரியா வடியாது, காலடியில் தேங்கும். நின்னு நின்னு பெண்களின் பாதம் வெடிச்சுக்கிடக்கும். அதுக்குக் களிம்பு இருக்கு, வடிகால் மட்டும் கட்ட மாட்டாங்க! ஜன்னல் வழியா பச்சையா மலை தெரியும். அந்தப் பக்கத்தைச் சரிபண்ணலாமேன்னு தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி யோசனை சொல்றா. நடந்தது என்ன? அங்கே துணி காயப்போடக் கயிறு கட்டிடுறாங்க. ஈரச் சேலைங்க மலையை மறைச்சுடுது.

யாரும் யாரையும் அடிக்கலை. ஒரு கயிறு போதும்.

அம்பையின் நிஜப்பெயர் சி.எஸ்.லக்ஷ்மி. தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பத்தி ஆய்வு நூல் எழுதினவர். பெண்களின் வாழ்க்கையை ஆவணப்படுத்த 1988-ல் மும்பையில் 'ஸ்பாரோ' அமைப்பைத் தொடங்கினவர். 2021-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார்.

ஆசை என்ற கெட்ட வார்த்தை

பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை எழுதினா பரிதாபப்படுவோம். பெண்ணுக்கு ஆசை இருக்குன்னு எழுதினாதான் சிக்கல். உருதுவில் இஸ்மத் சுக்தாய் 1942-ல் 'லிஹாஃப்' எழுதினார். கணவன் திரும்பிப் பார்க்காத ஒரு பேகம், அவளைப் பிடித்துவிடும் வேலைக்காரி, ராத்திரி ரஜாய்க்குள்ள யானை மாதிரி அசையும் நிழல். பார்ப்பது ஒரு சின்னப் பொண்ணு. ஆபாசம்னு லாகூரில் கேஸ் போட்டாங்க. அவர் மன்னிப்பு கேட்கலை, கேஸ் நிக்கலை.

தமிழில் இந்தப் பாதையைச் சத்தமில்லாம போட்டவர் 1944-ல் மறைந்த கு.ப.ராஜகோபாலன். 'ஆற்றாமை' கதையில் புருஷன் தூரத்தில் இருக்கும் ஒரு பெண். பக்கத்து அறையில் சந்தோஷமா ஒரு ஜோடி. அவங்களைத் தேடி ஒரு விருந்தாளி வர, கதவைத் தட்ட வழிகாட்டிவிடுறா இவள். இதைவிடச் சின்ன வில்லத்தனம் கிடையாது. படிக்கும்போது அவளைத் திட்டவும் முடியாது. 'ஏக்கம்'னு நாகரிகமா சொல்லிட்டுப் போற விஷயத்துக்குள்ள எவ்வளவு எரிச்சலும் பொறாமையும் இருக்குன்னு காட்டிடுறார்.

கூத்து மேடையிலிருந்து இறங்கிய திரௌபதி

நம்ம ஊர் பாஞ்சாலிக்குச் சேலை நீண்டுகிட்டே போகும். மகாஸ்வேதா தேவி வங்காளத்தில் எழுதின 'திரௌபதி'யில் கிருஷ்ணன் வரமாட்டார். தோப்தி என்ற சந்தால் பழங்குடிப் பெண் போராளியைப் பிடிச்சு ராத்திரி முழுக்கச் சிதைக்கிறாங்க. காலையில் துணியைக் கொடுத்து அதிகாரிகிட்ட வரச்சொன்னா, அதைக் கிழிச்சு எறிஞ்சுட்டு அப்படியே நடந்து வர்றா. ஆயுதமில்லாத ஒரு பெண்ணைப் பார்த்து அந்த அதிகாரி முதல்முறையா பயப்படுறார். 2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் இந்தக் கதையைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கினப்போ, கூடவே தூக்கப்பட்டவங்க நம்ம பாமாவும் சுகிர்தராணியும்.

நடுநாட்டில் ஒரு ராத்திரி

கடைசியா, வீட்டுக்குப் பக்கத்தில். விருத்தாசலம் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அந்தப் பகுதியைச் சேர்ந்த இமையம் 2012-ல் எழுதிய நெடுங்கதை 'பெத்தவன்'. நம்ம நடுநாட்டுப் பேச்சு அப்படியே இருக்கும். தலித் இளைஞரை விரும்பும் பாக்கியம், எவ்வளவு அடி வாங்கியும் மனசை மாத்திக்கலை. விடியறதுக்குள்ள மகளைக் கொன்னுடணும்னு ஊர் கூடி அப்பா பழனிகிட்ட வாக்கு வாங்குது. கதை முழுக்க அந்த ஒரே ராத்திரிதான்.

இது கற்பனைன்னு தள்ளிவிட முடியாது. 2003-ல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செஞ்ச இளம் ஜோடிக்கு விஷம் ஊத்திக் கொன்னாங்க. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆச்சு. 18 வருஷம்!

இமையத்தின் கதையில் பழனி மகளைக் கொல்லலை. இருட்டோடு இருட்டா அனுப்பிவிடுறார். ஊருக்குக் கொடுத்த வாக்குக்குத் தானே விஷம் குடிக்கிறார். மகளின் உடம்பு அவளுக்குச் சொந்தம்னு ஒத்துக்கிட்ட ஒரு அப்பாவுக்கு இருந்த வழி அது ஒண்ணுதானான்னு கேட்டுகிட்டே இருக்கும் மனசு. இந்த மொத்தப் பட்டியலில் எனக்கு ஒரே ஒரு கதைதான் அனுமதின்னா, இதைத்தான் கையில் கொடுப்பேன்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? புதுமைப்பித்தன் எழுத்து அரசுடைமை ஆனது. இணையத்தில் இலவசம். 'பொன்னகரம்' முதல் நாள், 'சாப விமோசனம்' ரெண்டாம் நாள். அம்பையின் கதைகளுக்கு முழுத் தொகுப்பு இருக்கு, நூலகத்தில் கேளுங்க. 'பெத்தவன்' சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடியும். ராத்திரி படுக்கப்போறப்போ மட்டும் எடுக்காதீங்க.