ஹார்ட் டிஸ்க் ஏன் கண்ணில் படுவதில்லை? - ஒரு சின்ன வரலாறு

சென்னையில் கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் பகுதி சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதுதான் நாளடைவில் இப்படி மாறியது என்பார்கள். இன்று அந்தப் பக்கம் போகும் மாணவர்களுக்குத் தறி ஞாபகம் வராது. அதை ஒட்டி, அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ரிச்சி தெருதான் ஞாபகம் வரும்.

ரேடியோ பாகங்களில் ஆரம்பித்த அந்தத் தெரு, பிறகு கம்ப்யூட்டர் சந்தையாக மாறியது. கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத வீடுகள், மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கிக் கூட்டிச் சேர்த்தன. இதற்குப் பெயர் 'அசெம்பிள்டு செட்'. பணம் மிச்சம். ஆனால் சுவிட்சைப் போட்டதும் சில நேரம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்!

உடனே 'டிஸ்க் போச்சு' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. உண்மையில் பல தடவை டிஸ்க் நன்றாகவே இருக்கும். அப்படியானால் தவறு எங்கே? அதைத் தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே கேபிள், இரண்டு முதலாளிகள்

1983-ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் அளவு 10 எம்பி. அதை இயக்கும் கன்ட்ரோலர் தனி அட்டையாக இருந்தது. 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பேக் ஆகிய நிறுவனங்களின் முயற்சியில் ஐடிஇ முறை வந்தது. கன்ட்ரோலர் டிஸ்க்கின் மேலேயே ஏறிக்கொண்டது.

ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஆனால் இரண்டிலும் கன்ட்ரோலர் இருக்கிறதே, யார் பதில் சொல்வது? இதைத் தீர்க்கத்தான் டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்ற குட்டி பிளாஸ்டிக் தொப்பி வந்தது. ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டையும் மாஸ்டராக வைத்துவிட்டால், இரண்டுமே காணாமல் போகக்கூடும்! நண்பன் வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து படம் காப்பி பண்ண முயன்ற பலரும் விழுந்த பள்ளம் இதுதான்.

பிறகு வேகம் கூடியதால் 40 கம்பி கேபிளுக்குப் பதில் 80 கம்பி கேபிள் வந்தது. பின்கள் அதே 40தான். கூடுதல் 40 கம்பிகளும் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதற்கான கிரவுண்ட் கம்பிகள். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு.

'இது போதும்' என்று நினைத்தவர்கள்

ஜம்பர் சரி, கேபிள் சரி, அப்படியும் தெரியவில்லையா? அடுத்த காரணம் கணக்கு.

டிஸ்க்கில் ஒரு இடத்தைக் குறிக்க சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்கள் பயன்பட்டன. பழைய பயாஸ் 1024 சிலிண்டர் வரைதான் எண்ணும். ஐடிஇ முறையோ 16 ஹெட் வரைதான் எண்ணும். இரண்டும் சேர்ந்தால், 1024 x 16 x 63 x 512 பைட், அதாவது சுமார் 528 எம்பி. அதற்கு மேல் பெரிய டிஸ்க் வந்தபோது முதல் சுவர் முட்டியது.

அதைத் தாண்ட எல்பிஏ என்ற முறை வந்தது. அடுத்த சுவர் 8.4 ஜிபி. அதன் பிறகு, 1999-க்கு முந்தைய சில அவார்டு பயாஸ்களில் 33.8 ஜிபி. இந்தச் சுவரில் முட்டிய கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தேடும்போதே உறைந்து நின்றுவிடும். இதற்கு டிஸ்க் கம்பெனிகள் கண்ட வழி வேடிக்கையானது. ஒரு ஜம்பரைப் போட்டால், பெரிய டிஸ்க் 'நான் 32 ஜிபிதான்' என்று பொய் சொல்லும்!

அதற்கும் மேலே 137 ஜிபி சுவர். 28 பிட் முகவரியில் அவ்வளவுதான் எண்ண முடியும். 2002-ல் ஏடிஏ-6 தரம் 48 பிட் முகவரியைக் கொண்டுவந்தது. ஆனால் 2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது முதலில் தெரியாது. 2002-ன் சர்வீஸ் பேக் 1 வந்த பிறகே தெரிந்தது. பெரிய டிஸ்க்கை நிரப்பி, பழைய எக்ஸ்பியில் மாட்டி எழுதினால், உள்ளே இருக்கும் தகவல் கெட்டுப்போகும் அபாயமும் இருந்தது. தெரியாமல் போவதைவிட இது மோசம்.

சாட்டா வந்தது, தொல்லை தீர்ந்ததா?

2003 முதல் சாட்டா டிஸ்க்குகள் பரவின. ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க், மாஸ்டரும் இல்லை ஸ்லேவும் இல்லை. ஆனால் சாட்டா கன்ட்ரோலருக்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் இல்லாவிட்டால், இன்ஸ்டால் செய்யும்போது 'ஹார்ட் டிஸ்க் இல்லை' என்று சொல்லிவிடும். எஃப்6 பட்டனை அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும், அல்லது பயாஸில் ஐடிஇ மோடுக்கு மாற்ற வேண்டும். வியா நிறுவனத்தின் விடி8237 சிப் உள்ள போர்டுகளில் புதிய சாட்டா 2 டிஸ்க்குகள் தெரியாமல் போயின. வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ஜம்பரைப் போட்டதும் தெரிந்தன. போன ஜம்பர் திரும்பி வந்த கதை!

பிறகு 2 டிபி தாண்டியதும் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையின் 32 பிட் எல்லை. பழைய டிரைவர் உள்ள கம்ப்யூட்டரில் 3 டிபி டிஸ்க்கை மாட்டினால் 746 ஜிபி என்று காட்டும். மீதி எங்கும் போகவில்லை. எண்ணிக்கை முடிந்து, மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். எம்பிஆர் எல்லைக்குத் தீர்வு ஜிபிடி முறை.

வரலாறு சொல்லும் வரிசை

ஆக, டிஸ்க் தெரியாவிட்டால் எளிய இடத்தில் தொடங்குங்கள். முதலில் பவர் கேபிள். அடுத்து டேட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பது. பழைய டிஸ்க் என்றால் ஜம்பர். அப்புறம் பயாஸ். பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்டில் பாருங்கள். குறை டிரைவரிலோ பார்ட்டிஷனிலோ இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே புராஜெக்டோ குடும்பப் படங்களோ இருக்கும்போது 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், அது நிஜமாகவே பழுதாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் உடனே நிறுத்திவிடுவது நல்லது.

ஒவ்வொரு சுவரும் யாரோ ஒருவர் 'இவ்வளவு பெரிய எண் யாருக்குத் தேவைப்படப் போகிறது?' என்று நினைத்ததால் எழுந்ததுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 10 எம்பி காலத்தில் 528 எம்பி என்பது கடல். அந்தக் கணக்கு தெரியாமல் எத்தனையோ வீடுகளில் நல்ல டிஸ்க்குகளும், அவற்றோடு நல்ல நினைவுகளும் குப்பைக்குப் போயின. தூக்கிப் போடுவதற்கு முன்னால், இது டிஸ்க்கின் தவறா, எண்ணத் தெரியாத இயந்திரத்தின் தவறா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே!