கையொப்பம் இடக் கற்பித்த ஆசிரியை

தன் பெயரைத் தானே எழுத அறியாத ஒருவர் அரசாங்க அலுவலகமொன்றின் வாசலில் எத்துணை வலுவிழந்து நிற்கிறார் என்பதை அந்நிலையில் நின்றவரே நன்கறிவர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆட்சியாளர் அந்த வலுவின்மையையே வேலியாக்கிக் கறுப்பின மக்களை வாக்குரிமையிலிருந்து விலக்கி வைத்திருந்தனர். அவ்வேலியை எழுதுகோல் கொண்டு தகர்க்க முற்பட்டவர் செப்ரிமா கிளார்க் அம்மையார்.

1898ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்ரன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்ற மகளுக்கோ பிறந்த நகரின் அரசாங்கப் பாடசாலைகளில் இடமில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையரே கற்பித்தல் வேண்டுமென்பது அந்நகரின் நியதியாயிருந்தது. எனவே, 1916இல் அண்மையிலுள்ள ஜோன்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கே 132 பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருவர். தலைமைப் பொறுப்பேற்ற அவருக்குச் சம்பளம் 35 டொலர். எதிர்ப்புறத்து வெள்ளையர் பாடசாலையிற் பயின்றோர் மூவரே. அங்குள்ள ஆசிரியருக்கோ 85 டொலர்.

இந்த அநீதியைக் கண்டு அவர் வாளாவிருக்கவில்லை. 1919இல் சாள்ஸ்ரன் நகரில் வீடுவீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். அடுத்த ஆண்டிலேயே அந்நகரப் பாடசாலைகள் கறுப்பின ஆசிரியருக்குத் திறந்தன. பின்னர், சம வேலைக்குச் சம சம்பளம் கோரி ஆசிரியர் தொடுத்த வழக்குக்கும் துணைநின்றார். 1945இல் அவ்வழக்கு வெற்றி பெற்றது.

பெருஞ்சோதனை 1956இல் வந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் அரசாங்க ஊழியர் எவரும் அங்கத்தவராக இருத்தல் ஆகாதென மாநிலம் சட்டம் இயற்றியது. அங்கத்துவத்தை மறைக்க அம்மையார் மறுத்தார். ஏறத்தாழ 40 ஆண்டு ஆசிரியப் பணியும், அதன் பயனாகிய இளைப்பாற்றுச் சம்பளமும் பறிபோயின. சட்டத்தை எதிர்க்குமாறு 726 ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி அனுப்பியோர் 26 பேரே. பிழைப்பை இழக்க அஞ்சியோரை அவர் பழிக்கவில்லை. முதலில் மக்களை ஆயத்தப்படுத்த வேண்டுமென்று தெளிந்தார்.

ரெனிசி மாநிலத்து ஹைலண்டர் கல்வி நிலையம் அவருக்குப் பணி வழங்கியது. தென் கரோலினாவில் போதிய சொத்தில்லாதவர் அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்தும் எழுதியும் காட்டினால்தான் அக்காலத்தில் வாக்காளராகப் பதிய முடிந்தது. ஜோன்ஸ் தீவிலிருந்து தொழிலாளரை நகருக்கு ஏற்றிச் சென்ற பஸ் உரிமையாளர் ஈசோ ஜென்கின்ஸ், வாக்களிக்க விரும்பிய பயணிகளுக்குப் பஸ்ஸிலேயே எழுத்தறிவிக்க முயன்றவர். அவருடன் இணைந்து அம்மையார் 1957 சனவரியில் முதலாவது பிரசைக் கல்விப் பாடசாலையைத் தொடக்கினார். முன்புறம் பலசரக்குக் கடை; பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் ஐயுறாதிருக்கவே இவ்வேற்பாடு. முதல் நாள் வந்தோர் 14 பேர்.

கற்பித்தவர் பேர்னிஸ் றொபின்சன் என்னும் சிகையலங்காரப் பெண்மணி. முதியோரைத் தாழ்வாக நோக்காத ஒருவரே அப்பணிக்கு ஏற்றவர் என்பது அம்மையார் கருத்து. சிறுவர் பாடநூல் அங்கே பயன்படவில்லை. புள்ளடியிட்டுப் பழகிய கைகள் மட்டையில் எழுதிய பெயரின்மேல் மீண்டும் மீண்டும் எழுதிக் கையொப்பம் கற்றன. காசுக்கட்டளைப் படிவமும் வாக்காளர் பதிவுச் சட்டமுமே பாடங்களாயின. சுவரிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது.

1961இல் இத்திட்டம் மாட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென் மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்பாயிற்று. அம்மையார் ஜோர்ஜியாவில் ஆசிரியர்களைப் பயிற்றித் தென் மாநிலமெங்கும் அனுப்பினார். அவ்வியக்கத்தின் உயர்சபையிற் பெண்களின் சொல்லுக்கு மதிப்பிருக்கவில்லை என்பதையும் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். 1965இன் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையைத் தடுத்தது. ஊர்வலங்களை உலகம் கண்டது. அவற்றுக்கு மக்களை ஆயத்தஞ்செய்த பின்னறை வகுப்புகளைக் கண்டோர் சிலரே.

1970களின் நடுப்பகுதியில், ஒருகாலத்தில் தமக்கு வேலை மறுத்த சாள்ஸ்ரனிலேயே பாடசாலைச் சபை உறுப்பினராகத் தெரிவானார். 1976இல் பறிக்கப்பட்ட இளைப்பாற்றுச் சம்பளமும் மீண்டும் கிடைத்தது. 1987 டிசம்பர் 15ஆம் நாள், தம் 89ஆவது வயதில், முதன்முதல் ஆசிரியையாகக் காலடி வைத்த ஜோன்ஸ் தீவிலேயே அவர் காலமானார். தம் பெயரைத் தாமே எழுதி வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற எளிய மக்களின் கையொப்பங்களே அவர் விட்டுச்சென்ற செல்வம்.