கோவாக் கடற்கரையும் மின்னணு நடன இசையும்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நெருங்கும்போது, மும்பை, புனே, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிறு வழக்கு நடைபெறுவதுண்டு. கல்லூரியில் பயிலும் மகனோ, கணினி நிறுவனத்தில் பணிபுரியும் மகளோ, "நண்பர்களோடு மூன்று நாள் இசை விழாவுக்குப் போகிறேன்" என்று அறிவிக்கிறார். தாயார், மார்கழிக் கச்சேரிகளை மனத்திற்கொண்டு, "யார் பாடுகிறார்கள்?" என்று வினவுகிறார். "யாரும் பாடுவதில்லை" என்பது விடை. "வாசிப்பது யார்?" என்றால், "வாசிப்பதும் இல்லை; ஒருவர் மேடையில் நின்று இயந்திரத்தை இயக்குவார்; நாங்கள் ஆடுவோம்" என்று மறுமொழி வருகிறது. இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற தீர்ப்பு பெரும்பாலும் அந்த இடத்திலேயே, விசாரணை ஏதுமின்றி, வழங்கப்பட்டுவிடுகிறது. அவ்வழக்குக்குரிய ஆவணங்கள் சிலவற்றை நேயர்கள் முன் வைப்பதே இன்று நாம் மேற்கொண்ட பணி.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் என்பதனை மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் மின்னணு நடன இசை என்று எழுதிவிடலாம். அதில் இடர்ப்பாடு இல்லை. அதன் தாய்க்கருவியாகிய சிந்தசைசருக்குத்தான் சொல் அகப்படவில்லை. ஒலிக்கூட்டி என்று ஒன்றை ஆக்கிப் பார்த்தோம். ஆனால் ஆர்மோனியத்தை யாரேனும் துருத்திப்பெட்டி என்று அழைத்ததுண்டா? ஆதலின் சிந்தசைசர் என்றே வழங்குவோம். இக்கருவியில் தந்தி இல்லை, தோல் இல்லை, காற்றுப் புகும் துளையும் இல்லை. மின்னோட்டத்தை அதிரச் செய்து, அவ்வதிர்வினை வடிகட்டியும் வளைத்தும் ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்வதே இதன் இயல்பு. அமெரிக்கப் பொறியியலாளர் ராபர்ட் மூக் என்பார் இதனை 1964ஆம் ஆண்டில் உருவாக்கி வெளியிட்டார்.

அதற்கு ஐந்தே ஆண்டுகளுக்குப் பின், 1969இல், அக்கருவி அகமதாபாத் நகருக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவினார். இதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் கீதா சாராபாய். இவர் விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர். பெண்கள் தொடத் தயங்கிய பக்காவஜ் வாத்தியத்தைப் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்னும் புரட்சிகரமான இசையமைப்பாளருக்கு நம் இசையின் இலக்கணத்தைக் கற்பித்து, அவரிடமிருந்து மேனாட்டு இசைமுறையைக் கற்றுத் திரும்பியவர். மனத்தை அடக்கித் தெளிவிப்பதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் கூறியதை அவர் கேஜுக்கு உரைத்தார். கேஜ் தம் வாழ்நாள் முழுவதும் அதனை எடுத்துச் சொல்லி வந்தார். அகமதாபாத் கூடத்தில் கீதா சாராபாயும் இந்திய இசைஞர் வேறு சிலரும் 1969 முதல் 1972 வரை பதிவு செய்த நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் உறங்கின. அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தது 2023இல்தான். அவை நடனத்துக்கான இசை அல்ல, ஆராய்ச்சிக்கான இசை. ஆயினும் இந்நாட்டு மண்ணில் அக்கருவி பேசத் தொடங்கிய காலத்தை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

நடனம் மும்பையில் சேர்ந்துகொண்டது. இந்தித் திரையுலகில் பல்லாண்டுகள் கித்தார் முதலிய வாத்தியங்களை வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், ஜப்பானியக் கம்பெனியாகிய ரோலண்டின் மூன்று கருவிகளை வாங்கினார். ஒன்று தாளம் தருவது, ஒன்று பலகுரல் சிந்தசைசர், மூன்றாவது, டி.பி. 303 என்னும் சிறு பெட்டி, கீழ்ஸ்தாயியில் துணைசெய்வது. 'குர்பானி' படத்தின் பாடல் 1980இல் நாடெங்கும் டிஸ்கோ மோகத்தைப் பரப்பியிருந்த நேரம். சரண்ஜித் சிங் இம்மூன்று கருவிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து, 1982இல் ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பன அவை. நம் வழக்கில் சொன்னால் பூபாளி மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதியோ வலஜி. வடநாட்டுத் தோடி நம் தோடி அன்று, சுபபந்துவராளி என்பதை இசையறிந்த நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. டி.பி. 303 பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. இந்திய இசைஞர் ஒருவர் அதில் எதைக் கண்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

தட்டு விலைபோகவில்லை. அதைவிட வியப்பு, அப்பெட்டியே விலைபோகவில்லை. தனியே பயிலும் கித்தார் கலைஞருக்குத் துணையாகச் செய்யப்பட்ட அது, யாரையும் மகிழ்விக்காமல் 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பழைய பொருள் கடைகளில் மலிவாய்க் கிடந்த அதனைச் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் சிலர் வாங்கி, அதன் திருகுகளை முறையின்றித் திருகி, 1987இல் 'ஆசிட்' என்னும் புதிய நடன இசையை வெளியிட்டனர். சரண்ஜித் சிங்கின் தட்டினை அவர்கள் கேட்டிருந்தார்கள் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. "எல்லாம் நம்மிடமிருந்தே போனது" என்று மேசையைத் தட்டுவோருடன் நாம் சேர மாட்டோம். ஒரே கருவி இரு நாடுகளில் ஐந்தாண்டு இடைவெளியில் ஒத்த ஒலியைத் தந்தது என்பதுவரை உண்மை. 2010இல் அத்தட்டு ஐரோப்பாவில் மறுபதிப்பாகி, எழுபது வயது கடந்த சரண்ஜித் சிங் அங்கே மேடையேறி வாசிக்க, பேரப்பிள்ளை வயதினர் ஆடினர். 2015இல் அவர் மும்பையில் காலமானார்.

சிகாகோவின் 'ஹவுஸ்', டெட்ராய்ட்டின் 'டெக்னோ', 1988ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் மூண்ட நடனக் கூட்டங்கள் இவற்றின் கதை நீண்டது. அதனை இங்கு விரிக்க இடமில்லை. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் உடைய இசை எது என்று 1994இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே வரையறை எழுத நேர்ந்தது என்பதை மட்டும் குறிப்போம். சட்டங்களை மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு, தாளத்தை வரையறுக்க முயன்ற அந்த வரைவாளரிடம் ஓர் இரக்கம் உண்டு.

இனிக் கோவாவுக்கு வருவோம். 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியர் ஆட்சி நீங்கிய அந்நிலத்துக்கு, அப்பத்தாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் தரைவழியே வரத் தொடங்கினர். பார்தேஸ் வட்டத்தில் உள்ள அஞ்சுனா என்னும் ஊர் அவர்கள் குடியிருப்பாயிற்று. மீனவர் வீடுகளில் சிறு வாடகைக்குத் தங்கி, முழுநிலா இரவுகளிலும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலும் கடற்கரையில் இரவெல்லாம் ஆடினர். முதலில் ராக் இசை. 1980களின் தொடக்கத்தில் அது மின்னணு இசைக்கு வழிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 1970இல் வந்து தங்கிய கில்பர்ட் லெவி என்பார், கோவா கில் என்ற பெயரால் இவ்விசையின் பிதாமகராய் மதிக்கப்பட்டார், 2023இல் மறைந்தார்.

அங்கு வழங்கிய முறை குறிப்பிடத்தக்கது. இசைத்தட்டுகள் கோவாவின் வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்கா. ஆகவே ஒலிநாடாப் பேழைகளே கைக்கொள்ளப்பட்டன. ஐரோப்பியப் பாடல்களிலிருந்து பாடகர் குரலை வெட்டி நீக்கி, தாளமும் ஒலிக்கோலமும் மட்டும் நீளுமாறு நாடாவை ஒட்டிச் சேர்த்தனர். பாட்டு நீங்கி, தாளம் நின்றது. அதுவே 1990களில் கோவா டிரான்ஸ் என்ற பெயருடன் இலண்டனுக்கும் டெல் அவிவுக்கும் பெர்லினுக்கும் ஏற்றுமதியாயிற்று. ஓர் இந்திய ஊரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற நடன இசை அதுவன்றி வேறில்லை.

அவ்விரவுகளில் அஞ்சுனாவின் ஊரார் எங்கிருந்தனர்? இதனை விசாரிப்போர் சிலரே. ஊர்ப் பெண்கள் கடற்கரையில் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி, அடுப்பு மூட்டித் தேநீரும் ஆம்லெட்டும் பிஸ்கோத்தும் விற்றனர். களைத்தவர் அப்பாய்களில் அமர்ந்தும் கிடந்தும் விடியலைக் கண்டனர். மழைக்காலம் கடந்தபின் வரும் சில மாத வருவாய் அக்குடும்பங்களுக்குப் பெரிதாயிருந்தது. இரவெல்லாம் கண்விழித்தல் அவர்களுக்குப் புதிதும் அன்று. அண்மையிலுள்ள சியோலிம் ஊரில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நடத்தும் ஜாகோர் என்னும் இரவுக்கூத்து உண்டு. அப்பெயருக்கே விழித்திருத்தல் என்பதுதான் பொருள். விடியவிடியத் தெருக்கூத்துப் பார்த்த நம் முன்னோருக்கு இது விளங்கும். ஆனால் கூத்து ஆண்டுக்கு ஓரிரவு. அறுவடைக் காலத்து விருந்தாளி ஆண்டு முழுவதும் தங்கிவிட்டால் வீட்டார் உறங்குவது எங்ஙனம்?

கொங்கண் இருப்புப்பாதை 1998இல் முழுவதும் திறக்கப்பட்டபின் உள்நாட்டுப் பயணிகளும் பெருகினர். ஒலிபெருக்கிகளின் ஆற்றலும் பெருகிற்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பிட்டன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுகளுக்கு உரிமை உண்டு. 2005இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதிப்படுத்தியது. விடியும்வரை ஆடும் வழக்கத்தைச் சட்டம் இவ்வாறு இரவு பத்து மணியில் நிறுத்தியது. கடிகாரத்துக்கு வெளிநாட்டார் கூட்டம் எது, ஊர்த்திருவிழா எது என்ற வேறுபாடு தெரியாது. இரண்டையும் அது ஒருங்கே தொட்டது. உறங்க இயலாத முதியவர், மறுநாள் தேர்வெழுதும் சிறுவர், நோயாளி இவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது நம் கருத்து. இசையின்பால் நமக்குள்ள விருப்பம் அதனை மாற்றாது.

இக்கட்டத்தில்தான் மூன்றாம் பருவம் தொடங்குகிறது. 2007 டிசம்பரில் காண்டோலிம் கடற்கரையில் சன்பர்ன் என்ற பெயரில் விழா ஒன்று, நுழைவுச்சீட்டுடனும் விளம்பரத்துடனும், பகலிலேயே தொடங்கி இரவில் முடியுமாறு நடத்தப்பட்டது. பாயும் மண்ணெண்ணெய் விளக்கும் போய், வேலியும் வரிசையும் வந்தன. அனுமதி பற்றிய பூசல்கள் தொடர்ந்தன. 2016இல் விழா புனேக்குப் பெயர்ந்தது. 2019இல் கோவாவின் வாகத்தோருக்குத் திரும்பிற்று. 2024இல் வடகோவாவின் தார்கல் ஊரில் நடந்தபோது ஊராரில் ஒரு பகுதியினர் எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை சென்றனர்.

புனேயில் நடந்த ஆண்டுகளுள் ஒன்றில், அலுவலக நண்பர் மூவருடன் நாமும் சென்றிருந்தோம். நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள். அங்கிருந்தோரில் பெரும்பாலோர் எங்களைப் பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோர் என்றே கருதி வழிவிட்டனர். மணிக்கட்டில் பட்டை கட்டினர். புழுதி, மின்விளக்கு, நெஞ்செலும்பில் வந்து மோதும் தாளம். இசை படிப்படியாக ஏறி, ஒரு கணம் முற்றும் அடங்கி, பின் ஒருசேர இடிபோல் இறங்கும் இடத்தில் கூட்டம் முழுவதும் குதித்தது. எங்களுடன் வந்த மராத்திய நண்பர் சிறிதும் வியக்கவில்லை. "எங்கள் கணபதி ஊர்வலத்தில் டோல்-தாஷா இதைத்தான் செய்கிறது, சீட்டு மட்டும் இல்லை" என்றார். தவிலும் நாதசுரமும் உச்சத்துக்குப் போய் ஒரு முத்தாய்ப்பில் நிற்பதைக் கேட்ட நமக்கும் அது அயலாகத் தோன்றவில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பின் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மேடையில் நிற்பவரை டி.ஜே. என்கின்றனர். அதன் விரிவாகிய டிஸ்க் ஜாக்கி என்பது அமெரிக்காவில் 1930களில் தோன்றி, இசைத்தட்டு ஒலிபரப்பும் வானொலி அறிவிப்பாளரையே குறித்தது. இன்று மகாராஷ்டிர கிராமங்களில் டி.ஜே. என்றால் ஆள் அன்று. லாரியில் அடுக்கிய ஒலிபெருக்கிகளின் சுவர். ஒரு சொல் ஆளைவிட்டுப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது.

பெற்றோர் அஞ்சுவது இசையை அன்று என்பதை நாம் அறிவோம். அவ்வச்சம் வீண் அல்ல. இக்கூட்டங்களைச் சுற்றி இரசாயனப் போதைப்பொருள் வணிகம் தொடக்கம் முதலே வளர்ந்துள்ளது; விழாவுக்குச் சென்று உயிரிழந்த இளைஞரின் செய்திகள் 2019இலும் வந்தன. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி அப்பொருளை வைத்திருத்தலே குற்றம். இவற்றைப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுவது, தடுத்துவிட்டு அறியாமலிருப்பதினும் நன்று. ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்போரின் செவி நிலையாகப் பழுதுறலாம் என்பதனை ஏனோ எவரும் எச்சரிப்பதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பானைக் கொடுத்தனுப்பலாம். எங்கள் நால்வரிடமும் அது இருந்தது. இளைஞர் சிலர் எங்களைக் கண்டு நகைத்தனர்.

2025 டிசம்பரில் அவ்விழா மும்பையின் சிவ்ரி பகுதிக்கு வந்துவிட்டது. மாதுங்காத் தமிழர்கள் ஏறி இறங்கும் கிங்ஸ் சர்க்கிள் நிலையத்திலிருந்து அது இரண்டாம் நிலையம். பயணச் செலவைக் காரணங்காட்டி மறுத்துவந்த பெற்றோர் வேறு காரணம் தேட நேர்ந்திருக்கும்.